வேண்டிக்கொண்டது அவள், உருண்டது நான்

பச்சைவாழித் தாயைக் குலதெய்வமாகக் கும்பிடும் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்மார்களுக்கும் வைத்திலிங்கத்தின் வணக்கம். கோயில் விழா மலருக்கு ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரச் சொல்லி நிர்வாகத்தார் கேட்டார்கள். முப்பது வருஷமாகப் புவனகிரியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊரார் கதையை எல்லாம் எழுதியிருக்கிறேன், என் கதையை எழுதுவது இதுதான் முதல் தடவை. சுயபுத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும், மனப்பூர்வமாகவும் எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் கஷ்டம் இடுப்பில் இருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கிரயப் பத்திரம் ஒன்றை முடித்துவிட்டு, கீழே விழுந்த ஸ்டாம்ப் பேடை எடுக்கக் குனிந்தேன். 'மடக்' என்று ஒரு சத்தம். குனிந்தவன் நிமிரவில்லை. நிலத்தை வாங்கியவரும் விற்றவரும் அதுவரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள். என்னைத் தூக்கி பெஞ்சில் கிடத்துவதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அன்றிலிருந்து என் உடம்பு பாகப்பிரிவினை ஆகிவிட்டது. இடுப்புக்கு மேலே ஒரு சர்வே நம்பர், கீழே ஒரு சர்வே நம்பர். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சிதம்பரத்தில் எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேனைப் பார்த்தார். "ஆபரேஷன் வேணாம். டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு. பிசியோதெரபிக்குப் போங்க, விடாமப் பண்ணுனா சரியாயிடும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊசி போட்டால் வைத்தியம், மாத்திரை கொடுத்தால் வைத்தியம். படுத்துக்கொண்டு காலைத் தூக்கச் சொல்வதெல்லாம் ஒரு வைத்தியமா?

அது போதாதென்று என் மச்சான் நடேசன் ஒரு காரியம் செய்தான். நடேசன் என் மனைவி கஸ்தூரியின் தம்பி. ஏதோ வெளிநாட்டு வைத்தியர் ஒருவர் நோயாளியின் கழுத்தைப் பிடித்துக் குழாய் மாதிரி திருகுகிற வீடியோக்களை வரிசையாக அனுப்பினான். "கைரோபிராக்டிக்காம் மாமா. ஒரே திருகு, எல்லாம் செட்டாயிடும். நான் வேணா பாத்துப் பாத்துச் செய்யட்டுமா?" என்றான். அதன்பிறகு சலூனில் கழுத்தைத் தொட்டாலே நான் கத்த ஆரம்பித்தேன்.

ஆக, இரண்டு வருஷம் தைலமும் பெல்ட்டுமாக ஓடியது. கல்யாணத்துக்குப் போனால் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. நம் கோயிலுக்கு வந்தால் எல்லோரும் தாய் முன்னால் விழுந்து கும்பிடுவார்கள். நான் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு அம்மனிடம் ஏதோ சண்டைக்கு வந்தவன் போலத் தெரியும். அது எனக்குப் பெரிய வருத்தம். ஆனாலும் அந்த வருத்தம்கூட என்னை பிசியோதெரபிக்குக் கிளப்பவில்லை.

இப்படி இருக்கும்போது போன ஐப்பசி வந்தது. எங்களுக்கு ஒரே பெண், தேன்மொழி. கடலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். குறித்த நாளுக்கு முன்னாலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் கஸ்தூரியும் ஓடினோம். நான் ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளை ரத்தம் ஏற்பாடு செய்யப் போயிருந்தார். ஒரு நர்ஸ் வேகமாக வந்தார். "கொழந்தைக்கு ஹார்ட் பீட் கொறையுது. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். பொண்ணோட அப்பா யாரு? இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார். வாங்கிப் போட்டேன். ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. வாழ்நாளில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

கதவு மூடிக்கொண்டது. கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அங்கே ஒரு தூண் இருந்தது. அதில் நெற்றியை வைத்து, "தாயே, பச்சைவாழி, என் பொண்ணையும் புள்ளையையும் பொழைக்க வெச்சுக் குடுத்துடு. நீ என்ன கேட்டாலும் செய்யறேன். என்ன வேணும்னாலும் செய்யறேன்" என்று அழுதேன்.

வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று வருகிறவர்களுக்கெல்லாம் முப்பது வருஷமாகப் புத்தி சொல்கிறவன், அன்று அம்மனிடம் ஒரு வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கஸ்தூரியிடமும் சொல்லவில்லை.

தாய் கைவிடவில்லை. பெண் குழந்தை பிறந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு மெல்லிய குரலில் ஒரு அழுகை கேட்டது. தேன்மொழியும் நன்றாக இருக்கிறாள் என்றார்கள். நான் அந்தத் தூணையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "தாத்தா, இந்தாங்க" என்று நீட்டினார். நானும் கையை நீட்டினேன். அதற்குள் கஸ்தூரி, "வேணாம்மா, அவருக்கு முதுகு" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் நீட்டிய கையை நான் எங்கே வைத்துக்கொள்வது? சட்டைப் பையைத் தடவினேன். அந்த இடத்தில் எனக்கு வந்த அழுகை சந்தோஷத்தினால் மட்டும் வந்தது இல்லை.

மகளையும் பேத்தியையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, பதினொன்றாம் நாள் பெயர் வைத்து முடித்தோம். வெண்பா என்று பெயர். விருந்தினர் போனபிறகு கஸ்தூரி காபி கொண்டுவந்து கொடுத்தாள். காபியில் சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"என்னாங்க, ஆஸ்பத்திரியில அன்னைக்கு அம்மாவுக்கு வேண்டிக்கிட்டேன்."

"நல்லது. என்னா வேண்டிக்கிட்ட?"

"மூணு சுத்து அங்கப்பிரதட்சணம்."

"தாராளமாப் பண்ணு."

"நான் இல்லீங்க. நீங்க."

காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமினால் முதுகு வலிக்கும், வலித்தால் இருமல் வரும். கொஞ்ச நேரம் அது ஓடியது. பிறகு தொழில்முறையில் விசாரணையைத் தொடங்கினேன்.

"என் பேருக்கு நீ எப்படி வேண்டலாம்? பவர் எழுதிக் குடுத்திருக்கனா?"

"முப்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். அதைவிட என்னா பவரு வேணும்?"

"சரி, தேதி சொன்னியா?"

"வெண்பாவுக்குக் காது குத்துறதுக்கு முன்னாடின்னு சொல்லியிருக்கேன். சித்திரையில ஏழாம் மாசம்."

ஷரத்தில் ஓட்டையே இல்லை. ஆள் யார், இடம் எது, எத்தனை சுற்று, கெடு எப்போது, எல்லாம் விவரமாக இருந்தது. என்னோடு குடும்பம் நடத்தியதில் அவள் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் தலைக்கு இன்னொருவர் மொட்டை வேண்டுவதும், ஒருவர் காலுக்கு இன்னொருவர் தீமிதி வேண்டுவதும் நம் குடும்பங்களில் சகஜம். வேண்டியது வேண்டியதுதான். நிறைவேற்றாமல் குழந்தைக்குக் காது குத்தினால் கஸ்தூரிக்குத் தூக்கம் வராது. எனக்கும் வராது.

இருந்தாலும் தப்பிக்கப் பார்த்தேன், மறைக்கவில்லை. நடேசனிடம் போனேன். "மச்சான், எனக்குப் பதிலா நீ உருண்டுடேன். உன் அக்கா வேண்டுனதுதான்" என்றேன். "மாமா, எனக்கு முதுகு நல்லா இருக்கு. ஆனா வேண்டுதல்ல எம் பேரு இல்லியே" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒரு கழுத்துத் திருகும் வீடியோவை அனுப்பினான்.

கார்த்திகையில் கம்மாபுரம் பஸ் பிடித்து நம் கோயிலுக்கே வந்து பூசாரியிடம் மேல்முறையீடு செய்தேன். அங்கப்பிரதட்சணத்தை அடிப்பிரதட்சணமாக மாற்றித் தர வேண்டும், உருள்வதற்குப் பதிலாக அடிமேல் அடி வைத்து நடந்துவிடுகிறேன் என்றேன். "நாம யாரு மாத்தறதுக்கு? பூ கேட்டுப் பாப்போம்" என்றார். அம்மன் தோளில் இரண்டு பக்கமும் பூ வைத்தார். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கப் பூ விழுந்தால் சம்மதமில்லை. காத்திருந்தோம். பூ அசையவில்லை. அரைமணி ஆயிற்று. என் இடுப்பு எரிய ஆரம்பித்தது. முக்கால் மணி ஆயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமாவது விழுந்தால் சரி தாயே என்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்போது விழுந்தது, இடப்பக்கம்.

பூசாரி சிரித்தார். "அம்மா உன்னியதான் உருளச் சொல்றா. நீ அதுக்கு ஒடம்பத் தயார் பண்ணு."

மனு தள்ளுபடி. மறுநாள் காலை பஸ் ஏறி, வெள்ளாற்றுப் பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு முறை தாயை அழைத்து, சிதம்பரத்தில் இறங்கினேன். டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் பர்சில் இருந்தது. மடித்த மடிப்பில் கிழிந்திருந்தது.

பிசியோதெரபி நிலையத்தில் பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எனக்குச் சும்மா இருக்க வராது. ஒவ்வொருவராக விசாரித்தேன். ஒரு அம்மாவுக்கு ஒரு வருஷமாகக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். தானே கொண்டை போட முடியாமல் மருமகளிடம் தலையைக் கொடுக்க வேண்டி வந்ததும் மறுநாளே வந்துவிட்டார். "அவ இழுத்த இழுப்புல முடியெல்லாம் கையோட வந்துடுச்சு தம்பி" என்றார். கிள்ளை பக்கத்திலிருந்து வந்த ஒரு மீனவர் முட்டிவலியோடு பல மாதம் கடலுக்குப் போயிருக்கிறார். படகிலிருந்து குதிக்கும்போது தம்பி கை கொடுத்தான் என்கிற கோபத்தில் வந்திருந்தார். வலிக்காக வந்தவர் அந்த பெஞ்சில் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்று பொறுக்க முடியாமல் போயிருந்தது. வலி அதற்கு முன்னால் வெகுநாளாக அங்கேயே இருந்திருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் பெயர் பர்வீன். பரங்கிப்பேட்டைப் பெண், என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். வலி எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஸ்கேனையும் பார்த்துவிட்டு, "சரியாயிட்டா என்ன செய்யணும் சார்?" என்றார்.

"மூணு சுத்து உருளணும்."

பேனா நின்றுவிட்டது. விஷயம் முழுவதையும் சொன்னேன். கஸ்தூரி வேண்டியது, காபி, பூ, எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, "மண்ணா, கல் தரையா? ஒரு சுத்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் கோயில் பிராகாரத்துக்கு வரைபடம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழக்கே பலிபீடம், தெற்கே முனீஸ்வரர் சிலை, மேற்கே மதில், வடக்கே வேப்பமரம். நான்கெல்லைக்கு உட்பட்ட மண்தரை. அவர் எலும்பு டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "சித்திரை வரைக்கும் நேரம் இருக்கு. நான் சொல்றதச் செஞ்சா உருளலாம். நான் வேணாம்னு சொன்னா உருளக்கூடாது. சம்மதமா?" என்றார். சம்மதித்தேன்.

"கழுத்தைத் திருகுவீங்களா அம்மா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"இங்க அதெல்லாம் இல்ல சார். மொறையாப் படிச்சவங்க, ஆளைப் பாத்து, தேவைன்னா செய்வாங்க. வீடியோவப் பாத்து உங்க மச்சான் செஞ்சா அது கொலை முயற்சி கேஸு."

முதல் பாடமே எனக்கு ஆச்சரியம். கட்டிலில் படுத்து, முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை மாதிரி ஒரு பக்கமாக உருண்டு எழுந்திருக்க வேண்டும். முதுகுவலிக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் முதல் பாடமாம். நான் எதிலிருந்து தப்பிக்க பூசாரி வரை போனேனோ, அதையே இந்தப் பெண் முதல் நாளே செய்யச் சொல்கிறது. பக்தர்களே, அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாய் கேட்டது என்னைத் தண்டிக்க இல்லையோ என்று முதன்முதலாகத் தோன்றியது.

மார்கழி முழுவதும் தினமும் காலையில் செய்தேன். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். எண்ணுவதற்குப் பதிலாகத் தாயின் பெயரைச் சொன்னேன். பச்சைவாழி, பச்சைவாழி என்று பத்துத் தடவை. பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு சாமி வந்திருக்கு" என்று தெருவில் சொல்லிவிட்டார். இரண்டு பேர் குறி கேட்க வந்துவிட்டார்கள்.

தை மாதம் ஒரு சறுக்கல். உடம்பு நன்றாகிவிட்டது என்கிற திமிரில் பொங்கலுக்குக் கரும்புக் கட்டை ஒரே மூச்சில் தூக்கினேன். பழையபடி 'மடக்'. மூன்று நாள் படுக்கை. அந்த மூன்று நாளும் நான் அழாத குறை. என்னால் முடியாது, வேண்டுதல் நிற்கும், என்னால் குழந்தைக்குக் காது குத்துவது நிற்கும் என்று மனசு உடைந்துபோனேன். பக்கத்தில் தொட்டிலில் வெண்பா. எட்டிப் பார்க்கலாம், தூக்க முடியாது. இரண்டு வருஷமாகத் தைலத்திலும் பெல்ட்டிலும் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட என்மேல் எனக்கே கோபம் வந்தது. "தாயே, என்னை விட்டுடுன்னு இதுவரைக்கும் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன். என்னை உருள வெச்சுடு" என்று வேண்டினேன். நான்காம் நாள் பர்வீனிடம் போனபோது திட்டுவார் என்று பயந்தேன். "எல்லாருக்கும் ஒரு தடவ இப்படி ஆகும் சார். முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றார். அவ்வளவுதான்.

சித்திரை வந்தது. அதிகாலையிலேயே குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தோம். பர்வீனைக் காது குத்தும் விருந்துக்கு அழைத்திருந்தேன். அவர் உருளும் நேரத்துக்கே ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றுகொண்டார். நடேசன் முன்னால் போய்க் கல்லைப் பொறுக்கினான். கஸ்தூரி குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். ஈரவேட்டியோடு படுத்துக் கைகளைக் கூப்பினேன்.

முதல் சுற்று நன்றாகப் போயிற்று. நான்கு மாதமாக எல்லாவற்றுக்கும் பயிற்சி எடுத்தவன், தலைசுற்றலுக்கு எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் வானமும் மண்ணும் மாறி மாறி வந்ததில் எல்லை தாண்டி முனீஸ்வரர் காலடிக்கே போய்விட்டேன். "மாமா, லெப்ட்டு! லெப்ட்டுல திரும்புங்க!" என்று நடேசன் கத்தினான். உருளுகிறவனுக்கு எது லெப்ட்டு? கடைசியில் அவனே காலைப் பிடித்துத் திசைதிருப்பி விட்டான்.

மூன்றாம் சுற்று. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் ஒரு பிடிப்பு. அப்படியே மல்லாந்து கிடந்தேன். கஸ்தூரியின் குடம் நின்றுவிட்டது. "போதுங்க. அம்மா ஏத்துக்குவா. எழுந்திருங்க" என்றாள். இரண்டு சுற்று உருண்டுவிட்டோம், அம்மன் மன்னிப்பாள் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. அப்போது பர்வீன் வந்து குனிந்து, காலில் மரத்துப்போகிறதா, வலி கீழே இறங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இது வெறும் பிடிப்புதான். மூச்சை விடுங்க. முட்டிய மடக்குங்க. கட்டில்ல உருளுற மாதிரிதான் சார்." மூச்சை விட்டேன். பச்சைவாழி என்றேன். உடம்பு திரும்பியது. இன்னொரு தடவை பச்சைவாழி. அப்படியே பெயரைச் சொல்லிச் சொல்லி அவள் சந்நிதி வரைக்கும் வந்து சேர்ந்தேன். விழுந்து கும்பிட வேண்டும் என்பது இரண்டு வருஷத்து ஏக்கம். விழத் தேவையே இருக்கவில்லை, ஏற்கெனவே கிடந்தேன். நெற்றியை மண்ணில் வைத்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு காது குத்தினோம். குழந்தைக்குத் தாய்மாமன் இல்லை, அதனால் தாத்தா மடி. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெண்பாவை மடியில் வைத்தார்கள். ஊசி பட்டதும் பிறந்தபோது அழாத அழுகைக்கெல்லாம் சேர்த்து அழுதாள். சமாதானப்படுத்தத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நாலு கை என்னைத் தூக்க நீண்டது. "யாரும் தொடாதீங்க" என்றேன். ஒரு முட்டியை ஊன்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, நானாகவே எழுந்து நின்றேன். வேப்பமரம் வரை நடந்துபோய் இலையைக் காட்டினேன். அழுகையை நிறுத்திவிட்டு என் மூக்கைப் பிடித்தாள்.

கஸ்தூரி பக்கத்தில் வந்து நின்றாள். அந்த நேரத்தில் மனசு லேசாக இருந்ததால் என் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். "நீ வேண்டுனதுக்கு முன்னாடியே நானும் அம்மாகிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன். அந்தத் தூண்கிட்ட நின்னு, என்ன வேணும்னாலும் செய்யறேன்னு."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அந்தத் தூணுக்கு அந்தாண்டதான நான் உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரியே கேக்கற மாதிரி சொன்னீங்க. நீங்க மொட்டையா விட்டுட்டீங்க, நான் விவரமாச் சொல்லி முடிச்சேன். அவ்ளோதான்."

அன்றிலிருந்து இன்றுவரை காலையில் உடற்பயிற்சியை விடவில்லை. பெல்ட்டை நடேசனுக்குக் கொடுத்துவிட்டேன். வீடியோ பார்த்துப் பார்த்து இப்போது அவனுக்குக் கழுத்துவலி. அவனையும் பர்வீனிடம் அனுப்பியிருக்கிறேன்.

நான் மகளையும் பேத்தியையும் மட்டும்தான் கேட்டேன். முதுகைக் கேட்கவே இல்லை. கேட்டதையும் கொடுத்து, கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தாள் நம் தாய். உங்களில் யாருக்காவது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பர்சில் கிழிந்துகொண்டிருந்தால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். அவள் அந்த வழியாகவும் வருவாள். அவளை நம்பி வெற்றுப் பத்திரத்தில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம், தொழில்காரன் சொல்கிறேன். தூணுக்கு அந்தப் பக்கம் மனைவி உட்கார்ந்திருக்கிறாளா என்று மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.